பத்தாவது உதாரணம்

இயந்திரத்துக்குக் கோபம் வராது என்று சொல்கிறார்கள். வராமலே போகட்டும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அதன் பங்கையும் சேர்த்து வந்துவிடுகிறது.

நான் பார்க்கும் வேலை என்ன என்பதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இணையத்தில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் படிக்கிறேன் என்றால், "அதுக்குச் சம்பளம் வேற தராங்களா" என்கிறார் என் வீட்டுக்காரர். விஷயம் இதுதான். வீடியோக்களுக்குக் கீழே வரும் கருத்துகளை ஒரு மொழி மாதிரி படிக்கும். மொழி மாதிரி என்றால், கணக்கில்லாத வாக்கியங்களைத் தின்று வளர்ந்த ஒரு கணினி நிரல். அலுவலகத்தில் நாங்கள் அதை மெஷின் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு கருத்திலும் வெறுப்பு இருக்கிறதா இல்லையா என்று அது முடிவு சொல்லும். முடிவோடு நிற்காமல், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று இரண்டு வரியில் விளக்கமும் எழுதும். அந்த விளக்கம் சரியா தவறா என்று பொத்தானை அழுத்துவது நாங்கள். தவறு என்று அழுத்தினால் 'காரணம்' என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். நாற்பத்தேழு வருடத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் அந்தத் தீப்பெட்டிக்குள் மடித்து அடைக்க வேண்டும்.

இதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அடிதடி வரைக்கும் போகும். ஆனாலும் அது ஆட்களோடு போடும் சண்டை. இங்கே சண்டை போட எதிரில் ஆளே கிடையாது.

அவிநாசிப் பக்கத்துப் பையன் ஒருவன் நன்றாகத் தவில் வாசித்து வீடியோ போட்டிருந்தான். அதற்குக் கீழே ஒருவர், "கொன்னுபோட்டீங்க போங்க" என்று எழுதியிருந்தார். மெஷின் அதைக் கொலை மிரட்டல் என்றது. ஒரு தங்கை தன் அண்ணன் வீடியோவுக்குக் கீழே, "எருமை, சோத்துக்கு ஊட்டுக்கு வா" என்று எழுதினாள். மனிதரை விலங்கோடு ஒப்பிட்டு இழிவு செய்கிறார் என்று விளக்கம் வந்தது. அந்தப் பெண் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள் அம்மா தாயே என்று தலையில் அடித்துக்கொண்டு தவறு என்று அழுத்துவேன். மறுநாள் இன்னொரு வீட்டு எருமை வரும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார். சென்னைக்காரர், நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா மேடம்" என்று கேட்பார். எருமைக்கு நான் எங்கே போய் ஆதாரம் வாங்குவது.

இந்த எரிச்சலையெல்லாம் பகிர்ந்துகொள்ள எனக்கு ஒருத்தி இருந்தாள், பக்கத்து நாற்காலிக்காரி. முப்பது வயது. மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் ஊரார் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம், தாத்தா காலத்தில் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். எங்களுடையது அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டங்காடு உள்ள குடும்பம். கட்டிக்கொடுத்த பிறகு நான் துடியலூரில் இருக்கிறேன். வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தோம். என்னை அக்கா என்பாள், நான் கண்ணு என்பேன். மெஷின் எதையாவது உளறினால் அவள் திட்ட மாட்டாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்ப்பாள், மார்க் குறைவாக வாங்கிய பிள்ளையைப் பார்ப்பது போல.

அந்த மெஷினை விட மோசம் எங்கள் அலுவலகத்து டீ மெஷின். பொத்தானை அழுத்தினால் பழுப்பு நிறத்தில் வெந்நீர் வரும். அதனால் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வீட்டிலிருந்தே பிளாஸ்கில் டீ கொண்டுபோவேன், இரண்டு பேருக்குப் போதுமான அளவு. நாலு மணிக்கு என் டம்ளரில் எனக்கும் பேப்பர் கப்பில் அவளுக்கும் ஊற்றுவேன். கப் தீர்ந்துவிடக் கூடாதென்று என் டிராயரில் எப்போதும் ஒரு கட்டு வாங்கி வைத்திருப்பேன். மூன்று வருடத்தில் அவளுக்குக் கொடுக்காமல் நான் மட்டும் குடித்ததாக ஒரு நாள் கிடையாது. எங்களுக்குள் எவ்வளவு ஒட்டுதல் என்பது தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அவளுடைய அம்மா சமையல் வீடியோ போடுகிறவர். முட்டி தேயும் வரைக்கும் களை வெட்டப் போனவர். முட்டி போன பிறகு மகள் வாங்கிக் கொடுத்த போனை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரே அடுப்பு, ஒரே வாணலி, சேலைத் தலைப்பில் குத்திய மைக். சமைத்துக்கொண்டே பார்க்கிறவர்களை அதட்டுவார். "கருவேப்பிலைய எண்ணிப் போடாதீங்க கண்ணு, ஊட்ல என்ன பஞ்சமா." அந்த அதட்டலுக்காகவே நிறையப் பேர் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அவருக்கு அந்தச் சேனல்தான் பிழைப்பு. அதை விட, ஊருக்குள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்க வைத்ததும் அதுதான்.

போன வருடம் அவர் அரிசிம்பருப்புச் சோறு செய்தார். எங்கள் பக்கத்தில் அடுப்புள்ள வீடுகளில் எல்லாம் செய்கிற சோறு. தாளித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: "தோட்டத்து வேலைக்குப் போனப்ப அந்த ஊட்டு அம்மணி வாசலுக்கு வெளிய உக்கார வெச்சுப் போட்ட சோறு இது. ருசிய அங்க கத்துக்கிட்டேன். மரியாதைய நானாத்தான் கத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டு நெய் ஊற்றப் போய்விட்டார்.

வந்தார்கள் ஐயா நம் ஆட்கள். ஒருவர் கூடக் கெட்ட வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். முதல் ஆள் எழுதினார்: "ரொம்ப நல்லா சமைக்கறீங்க அம்மணி. ஒரு நாளைக்கு நம்ம தோட்டத்துக்கு வாங்க. உங்களுக்குன்னு தனியா டம்ளர் எடுத்து வெச்சிருக்கறோமுங்க." அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். அடுத்தவர், "டம்ளர் பத்தரமா இருக்குதுங்க, மறந்துபோட்டீங்களா" என்றார். இன்னொருவர் வார்த்தையே இல்லாமல் சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்த டம்ளரின் படத்தைப் போட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா எந்த வீடியோ போட்டாலும், ரசமோ ராகிக் களியோ, கீழே டம்ளர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் புகார் கொடுத்தார். மெஷின் பார்த்தது. எங்கள் கைக்கு வராமலே போன அந்த முடிவைப் பின்னால் எடுத்துப் படித்தேன், விளக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'வெறுப்பு இல்லை. பேசுபவர் சமையலைப் பாராட்டி, மரியாதையான சொற்களில் விருந்துக்கு அழைக்கிறார். விருந்தினருக்கெனத் தனியாகப் பாத்திரம் எடுத்துவைத்திருப்பதாகக் கூறுவது உபசரிப்பைக் காட்டுகிறது.'

உபசரிப்பு. அந்த வார்த்தையைப் படித்தபோது கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல இருந்தது.

அந்த அம்மாவுக்குப் பொறுமை எத்தனை நாள் இருக்கும். ஒரு நாள் பதில் எழுதிவிட்டார்: "உன்ற டம்ளர உன்ற தலைலயே கவுத்துக்கடா நாயே." இதை மட்டும் மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்தது. வெறுப்பு உண்டு, இழிவான ஒப்பீடு, ஒருமையில் விளித்தல். கருத்து நீக்கம், சேனலுக்கு ஒரு எச்சரிக்கை. அடுத்த மாதம் இன்னொரு பதில், இன்னொரு எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் சேனலை மறைத்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்து ஜெயித்தால் திரும்ப வரும், இல்லாவிட்டால் அத்தனை வீடியோவும் அழிந்துபோகும்.

ஒரு திங்கட்கிழமை காலை, பையைக் கூட இறக்கி வைக்காமல் அவள் இதை என்னிடம் சொன்னாள். "எங்கம்மா எதுவும் சொல்றதில்லைங்க அக்கா. காலைல எந்திரிச்சு வாணலியக் கழுவி வெக்குது. சாயங்காலம் மறுக்காவும் கழுவுது. சமைக்கறதே இல்லைங்க."

நேராகக் குழுத் தலைவரிடம் போனேன். டம்ளர் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு வகை டம்ளர் இருந்ததையும், தோட்டத்து வீடுகளில் வேலைக்காரர்களுக்கென்று ஒரு டம்ளர் வெளியே கவிழ்ந்திருந்ததையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "ஆதாரம் இருக்கா மேடம்?"

"நாந்தானுங்க ஆதாரம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. விதிமுறையை எடுத்துச் சொன்னார். மெஷினுக்குத் தெரியாத ஒரு வசவு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால், அதே குணமுள்ள பத்து உதாரணங்கள் கொடுக்க வேண்டும். கருத்தாக இருக்கலாம், நடந்த சம்பவமாகவும் இருக்கலாம். மெஷின் பத்தையும் படித்து விளக்கம் சொல்லும். பத்திலும் அது தவறு என்று எங்களில் ஒருவர் காரணத்தோடு அழுத்த வேண்டும். ஒன்பது போதாது. பத்தும் நின்றால் மேலே அனுப்புவார்கள், அந்த டம்ளர் கருத்துகள் வெறுப்பு என்று ஆகும், அப்போது அம்மாவின் பதில்கள் வம்புக்கு இழுக்கப்பட்டவரின் பதில் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

"ஆனா அது அவங்க அம்மா சேனல்" என்றார். "அவங்க உதாரணம் எழுதலாம், பட்டனை அழுத்தக் கூடாது. முடிவு நீங்க பண்ணுங்க மேடம்."

அப்படித்தான் அந்த வாரம் நான் வீட்டுப் பாடம் எழுதும் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, எங்கள் ஜனங்கள் மரியாதையாகப் பேசி மனிதரை எப்படியெல்லாம் வெளியே நிறுத்துவார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். இதற்கெல்லாம் புத்தகம் படிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டில் மாடு கட்டும் கட்டுத்தரைச் சுவரில் ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு பித்தளை டம்ளர், பிறகு ஓர் அலுமினிய டம்ளர், அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இருந்தன. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். "காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று என் அம்மா அன்பாகத்தான் கூப்பிடுவார். அதை முதல் உதாரணமாக எழுதினேன்.

மெஷின் சொன்னது: 'வெறுப்பு இல்லை. வீட்டு உரிமையாளர் பணியாளருக்குக் காப்பி வழங்குகிறார். தாமே கழுவி வைப்பது தூய்மைப் பழக்கமாகும்.'

தவறு. காரணம் எழுதினேன்.

புதிதாகப் பழகும் ஆளிடம் ஊரைக் கேட்டு, ஊர் தெரிந்ததும் "ஊர்ல எந்தப் பக்கமுங்க" என்று கேட்பதை எழுதினேன். 'பேசுபவர் சரியான முகவரியை அறிய விரும்புகிறார்' என்றது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்களிடம் என் நாத்தனார், "உங்களுக்கு இந்த வீதி ஒத்து வராதுங்க கண்ணு, காத்தோட்டம் பத்தாது" என்று சொல்லி அனுப்பியதை எழுதினேன். 'வாடகைதாரரின் உடல்நலத்தில் அக்கறை காட்டுகிறார்.' தேர் அன்றைக்கு, "அங்க தூரமா நின்னாலே நல்லாத் தெரியுமுங்க" என்று வழி காட்டுவதை எழுதினேன். 'சிறந்த காட்சி கிடைக்கும் இடத்தைப் பரிந்துரைக்கிறார்' என்றது. அதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாளில் ஒன்பது எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தவறு, தவறு என்று அழுத்தி, பெட்டிக்குள் காரணத்தைத் திணித்தேன். நடுவில் நாலு மணிக்கு டீ ஊற்றினேன். எனக்கு அந்த மூன்று நாளும் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். எங்கள் வீட்டு அழுக்கை நானே வெளியே கொண்டுவந்து கொட்டுகிறேன், அதுவும் இன்னொருத்தி அம்மாவுக்காக. இந்தத் தைரியம் எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவதுக்குத்தான் எதுவும் ஞாபகம் வரவில்லை. கல்யாணத்துக்கு நேரில் போய் அழைக்காமல் பாக்கு மட்டும் கொடுத்தனுப்புவது, கல்யாணத்தில் கடைசிப் பந்தி, எல்லாம் ஏற்கெனவே எழுதியதன் சாயலாகவே இருந்தது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒம்பதோட நின்னுபோச்சு கண்ணு" என்றேன். "என்ற மண்டைல இருந்தது அவ்வளவுதானாட்ட இருக்குது."

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "பத்தாவத நான் எழுதறனுங்க அக்கா" என்றாள்.

தட்டும் சத்தம் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டது. என் திரையில் வந்தது.

'எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா தினமும் வீட்டிலிருந்து டீ கொண்டுவருவார். தனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொள்வார். எனக்குப் பேப்பர் கப்பில் ஊற்றித் தருவார். கப் தீராமல் பார்த்துக்கொள்வார். மூன்று வருடம்.'

அதற்குக் கீழே மெஷினின் விளக்கம் தயாராக நின்றது: 'வெறுப்பு இல்லை. மூத்த ஊழியர் சக ஊழியரிடம் தொடர்ந்து அன்பு காட்டுகிறார். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கோப்பை சுகாதாரமானது.'

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கம் அல்ல, கோபம். இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன். சுக்கு தட்டிப் போட்டு டீ கொண்டுவந்தது யார். இவள் அம்மாவுக்காகச் சொந்த வீட்டு மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருப்பது யார். அலுவலகத்தில் கழுவும் தொட்டி எங்கே இருக்கிறது, அந்தக் கடைசியில். ஒரு டம்ளரைக் கழுவவே அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். காய்ச்சல் பரவும் காலம் வேறு. பேப்பர் கப் சுத்தம். இதையெல்லாம் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசி வரியை எங்கேயோ படித்தது போலிருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். திரையில் இருந்தது.

மூன்று வருடமாக நான் முட்டாள் என்று திட்டிய மெஷின், முதல் முறையாக என் பக்கம் பேசியிருந்தது.

சரி என்று அழுத்தலாம். யாரும் கேட்க மாட்டார்கள், முடிவு உங்களுடையது என்று தலைவரே சொல்லியிருந்தார். அழுத்தினால் ஒன்பதோடு நிற்கும், அந்த அம்மா தினம் இரண்டு வேளை வெறும் வாணலியைக் கழுவிக்கொண்டிருப்பார். அவள் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறாள். தன் அம்மாவின் சேனலை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பற்றியே எழுதியிருக்கிறாள். நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இனிக்கப் பேசி, பத்தாவதாக வேறு எதையாவது எழுதி, காரியத்தை முடித்திருப்பேன். பக்கவாட்டில் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தேன். பேப்பர் கப் கட்டுத் தீர்ந்தால் வாங்கி வர எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டு அலமாரியில் சீராக வந்த டம்ளர்கள் அடுக்கு அடுக்காக நிற்கின்றன. அதில் ஒன்றைக் கூட எடுத்துப் பையில் போட மூன்று வருடத்தில் ஒரு நாள் தோன்றவில்லை. வேண்டாம் என்று நினைத்ததே இல்லை. அது ஒரு யோசனையாகவே வரவில்லை.

தவறு என்று அழுத்தினேன். பெட்டி திறந்தது. மற்ற ஒன்பதுக்கும் காரணம் எழுத இடம் போதவில்லை என்று புலம்பியவள் நான். இதற்கு நாலு முறை எழுதி நாலு முறையும் அழித்தேன். மன்னிப்பு மாதிரி ஒன்று வந்தது, அது பொய்யாக இருந்தது. சுகாதாரம் பற்றி ஒன்று வந்தது, அது அதை விடப் பொய். கடைசியில் இதைத்தான் விட்டுவைத்தேன்: 'வீட்டில் டம்ளர் நிறைய இருக்கிறது. இரண்டாவதைக் கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை.'

அன்றைக்கு நாலு மணிக்கு நான் பிளாஸ்கைத் திறக்கவில்லை. டீயை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். மறுநாளிலிருந்து கொண்டுபோகவே இல்லை. இரண்டு பேரும் ஆபீஸ் மெஷினின் பழுப்பு வெந்நீரைப் பேப்பர் கப்பில் பிடித்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து குடித்தோம். பேசினோம், இல்லையென்று சொல்லவில்லை. வேலை விஷயம் பேசினோம்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பத்தும் நின்றதாகத் தகவல் வந்தது. டம்ளர் கருத்துகள் போயின, எச்சரிக்கைகள் விலகின, சேனல் திரும்ப வந்தது. அந்த அம்மா மறுநாளே கொள்ளு ரசம் வைத்து, "பதினஞ்சு நாளா என்ன செஞ்சீங்க, கடைல வாங்கித் தின்னீங்களா" என்று எல்லாரையும் அதட்டினார். மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டம்ளரைக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பேய் பிடித்துவிட்டது. பாத்திரக் கடை விளம்பரம், பிள்ளைக்குப் பால் டம்ளர் வாங்கிய அப்பா, எல்லாவற்றையும் வெறுப்பு என்று என் முன்னால் கொண்டுவந்து கொட்டியது. ஒரு வாரம் முழுக்கக் குற்றமில்லாத டம்ளர்களை விடுதலை செய்துகொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் அவள் தன் கப்பை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "டீ கொண்டாரதையே நிறுத்திப்போட்டீங்களே அக்கா. அதுக்காங்க நான் எழுதுனேன்?"

எனக்கு முகம் சுட்டது. தப்பு செய்தது நான், அதற்கு இத்தனை நாள் டீயில்லாமல் இருந்தது அவள். இப்படி ஒரு நியாயம் எங்கள் வீட்டில்தான் விளையும்.

மறுநாள் பிளாஸ்கோடு இரண்டு டம்ளர் கொண்டுபோனேன். அலமாரியில் ஒரே அடுக்கிலிருந்து எடுத்த, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரியான இரண்டு. நாலு மணிக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். விளிம்பில் வாய் வைத்து, சூடு பார்த்து, நிதானமாகக் குடித்தாள். "சுக்கு கொஞ்சம் தூக்கலுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பத்தாவது உதாரணத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் இரண்டு டம்ளரையும் அந்தக் கடைசித் தொட்டி வரைக்கும் நடந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். துடைத்தேன். என்னுடையதைப் பைக்குள் போட்டேன். அவளுடையதை டிராயரைத் திறந்து, பேப்பர் கப் கட்டு இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்து மூடினேன்.

அவள் கணினியை அணைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக் கூடப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் கேட்டாள். "பதினொண்ணாவதையும் எழுதிரலாமுங்களா அக்கா?"

நான் டிராயரைத் திறந்தேன். கவிழ்ந்திருந்ததை எடுத்துப் பைக்குள் மற்றதன் பக்கத்தில் போட்டேன். இரண்டு பேரும் படியிறங்கினோம். அவள் மதுக்கரைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றாள், நான் என் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு குழியிலும் பைக்குள் டம்ளர்கள் மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே அடுக்கு, ஒரே அளவு, இரண்டையும் கழுவியது நான். ஆனாலும் எது அவள் குடித்தது என்று துடியலூரில் இறங்கும் வரைக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.